வெள்ளை நாக்குக்கு முதல் மார்க்

போன வாரம் நோன்பு திறக்கக் கொஞ்ச நேரம் இருக்கும்போது நீங்கள் மூன்று பேரும் வாசற்படியில் வரிசையாக நின்று நாக்கை நீட்டிக்கொண்டிருந்தீர்கள். யார் உண்மையாக நோன்பு வைத்திருக்கிறார்கள், யார் பள்ளிக்கூடத்துக் குழாயில் வாய் வைத்துவிட்டு வந்திருக்கிறார்கள் என்று கண்டுபிடிக்கிற விளையாட்டு. நாக்கு வெளுத்திருந்தால் நோன்பு. சிவப்பாக, ஈரமாக இருந்தால் கள்ள நோன்பு. டூட்டி முடிந்து தோல்பையோடு வந்த நான், “நாக்கை உள்ள போடுங்கடா!” என்று போட்ட சத்தத்தில் சின்னவள் அழுதுவிட்டாள். “ஊருலகத்துல இல்லாத வெளையாட்டா வெளையாடிருச்சுக? எதுக்கு இப்புடி எரிஞ்சு விழுறீங்க?” என்று உங்கள் அம்மா கேட்டாள். கேட்ட பிறகு அவளுக்கே ஞாபகம் வந்திருக்க வேண்டும். கஞ்சிச் சட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அந்த விளையாட்டை இந்த வீட்டுக்குள் கொண்டுவந்தவனே நான்தான். நானே நடுவராக உட்கார்ந்து மார்க் போட்டிருக்கிறேன். அப்படி நான் நூற்றுக்கு நூறு போட்ட ஒருவர் அந்த நோன்பு மாதம் முடிவதற்குள் மௌத்தாகிவிட்டார். அவர் உங்கள் மாமா. என் அக்காவின் கணவர். நான் மச்சான் என்று கூப்பிட்டவர். பெரியவன் அப்போது ஆறு மாதக் கைப்பிள்ளை. மற்ற இரண்டு பேரும் பிறக்கவில்லை. மாமா எப்படி இறந்தார் என்று நீங்கள் கேட்கும்போதெல்லாம் ‘சர்க்கரை வியாதி’ என்று ஒரு வார்த்தையில் முடித்திருக்கிறேன். அது பொய் இல்லை. ஆனால் அது முழுசும் இல்லை. எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். டிக்கெட்டில் ஊர்ப்பெயர் எழுதுவதற்கு மேல் எழுதிப் பழக்கமில்லை. இருந்தாலும் வாயால் சொல்ல வராததை எழுதித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

புதுக்கோட்டை சமஸ்தானம் போய் ஏழெட்டு வருடம் ஆகியிருந்த சமயம். புதுக்கோட்டைக்கும் திருச்சிக்கும் நடுவே ஓடுகிற பஸ்ஸில் நான் கண்டக்டர். மச்சான் கீரனூர் ஸ்டாண்டில் ஏஜெண்ட். ஏஜெண்ட் என்றால் பெரிய உத்தியோகம் என்று நினைக்காதீர்கள். பஸ் வந்து நின்றதும் கூவி ஆள் ஏற்றிவிடுகிற வேலை. அதற்கு வேண்டியதெல்லாம் தொண்டைதான். “மாத்தூர், திருச்சி, திருச்சி, திருச்சேய்!” என்று அவர் இழுத்தால் அந்தக் கடைசி ‘சேய்’ சந்தை வரைக்கும் கேட்கும். புதுக்கோட்டைக்குப் போக வந்தவனைக்கூட அவர் திருச்சி பஸ்ஸில் ஏற்றிவிடுவார் என்று டிரைவர்கள் சொல்லிச் சிரிப்பார்கள். கீரனூரில் ஒரே வளவில் எங்கள் இரண்டு குடும்பமும் இருந்தோம். அடுப்பு இரண்டு, வாசல் ஒன்று.

அவருக்குச் சர்க்கரை இருப்பதை முதலில் கண்டது எறும்பு. கொல்லையில் அவர் ஒதுங்குகிற இடத்தில் எறும்பு மொய்ப்பதை அக்கா பார்த்துவிட்டு, பயந்துபோய் என்னிடம் சொன்னாள். கீரனூர் டாக்டர் அவருடைய நீரை எடுத்து நீலத் தண்ணீரில் ஊற்றி, கண்ணாடிக் குழாயைத் தீயில் காட்டினார். நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, கடைசியில் செங்கல் நிறத்தில் போய் நின்றது. தினமும் காலையில் சாப்பிட்டுவிட்டு வந்து கம்பவுண்டரிடம் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும் என்றார். இனிப்பு ஆகாது. பட்டினி ஆகாது. “நோன்பு உங்களுக்கு வேண்டாம் பாய்” என்று அப்போதே சொல்லிவிட்டார்.

முதல் வருடம் மச்சான் அந்தச் சொல்லைக் கேட்டார். நோன்பு வைக்கவில்லை. அப்போது நோன்பு அக்கினி நட்சத்திரத்தில் வந்தது. இப்போது மார்கழிக் குளிரில் நோன்பு வைக்கிற உங்களுக்கு அந்தத் தாகம் புரியாது. நோன்பு மாதத்தில் ஸ்டாண்டு டீக்கடைக்காரர் வாசலில் சாக்குப் படுதா கட்டிவிடுவார். நோன்பு இல்லாதவர்கள் படுதாவுக்குப் பின்னால் உட்கார்ந்து டீ குடித்துக்கொள்ளலாம். நோன்பாளிகள் கண்ணில் படாது. ஒரு நாள் மத்தியானம் பஸ் வந்து நின்றதும் நான் இறங்கினேன். படுதாவுக்குக் கீழே மச்சானின் கால் தெரிந்தது. அந்த ரப்பர் செருப்பை எனக்குத் தெரியாதா? பஸ் நிறையச் சனம். எனக்கு எங்கிருந்துதான் அந்தக் குசும்பு வந்ததோ, அவரைப்போலவே இழுத்துக் கூவினேன்.

“திருச்சி போறவுக இங்கிட்டு ஏறிக்கங்க! நோன்பு தொறக்கிறவுக அங்கிட்டு படுதாவுக்கு உள்ள போய்க்கங்க!”

பஸ்ஸே சிரித்தது. டிரைவர் ஸ்டியரிங்கில் தட்டித் தட்டிச் சிரித்தார். மச்சான் வாயைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். அவரும் சிரித்தார். “ஏறுங்க, ஏறுங்க, கண்டக்டருக்கு வெயில்ல மூளை எளகிப்போச்சு” என்று சொல்லிக்கொண்டே ஒரு கிழவியின் கூடையை வாங்கி உள்ளே வைத்தார். நான் ‘ரைட்’ சொன்னேன். அதோடு அது முடிந்தது என்று நினைத்தேன். அன்று வீட்டில் அவர் சாப்பிடவில்லை என்று அக்கா மறுநாள் சொன்னாள். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

அடுத்த வருடம் முதல் பிறை பார்த்த அன்றே மச்சான் எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொல்லிவிட்டார். “இந்த வருசம் முப்பதும் வைக்கிறேன். எவனாச்சும் படுதாவுக்குக் கீழ என் காலைப் பாத்தா, வெட்டிப் போட்டுருங்க.”

அக்கா கெஞ்சிப் பார்த்தாள். பள்ளிவாசல் ஹஜரத் அவரைத் தனியாகக் கூப்பிட்டு, நோயாளிக்கு மார்க்கத்தில் விலக்கு இருக்கிறது, நாளுக்கு ஒரு ஏழைக்குச் சாப்பாடு கொடுத்தால் போதும் என்று எடுத்துச் சொன்னாராம். அதற்கு மச்சான், “மார்க்கம் விலக்குக் குடுத்திருச்சு ஹஜரத். பஸ் ஸ்டாண்டு குடுக்க மாட்டேங்குதே” என்றாராம். இது ஹஜரத் பிற்பாடு என்னிடம் சொன்னது. சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

காலையில் சாப்பிட்டால்தான் ஊசி போடலாம். சாப்பாடு இல்லையென்றால் ஊசியும் இல்லை. ஒரு மாதம் வெளியூர் போகிறேன் என்று கம்பவுண்டரிடம் சொல்லிவிட்டார் என்பதும் பிற்பாடு தெரிந்ததுதான். பகல் முழுக்கப் பட்டினி. மாலையில் பேரீச்சம்பழம், சர்பத், கஞ்சி. உடம்புக்குள் சர்க்கரை இஷ்டத்துக்கு ஏறிக்கொண்டிருந்தது. வெளியே பார்த்தவர்களுக்கு மனுஷன் கொஞ்சம் இளைத்திருக்கிறார், அவ்வளவுதான்.

நாக்குக் காட்டுகிற விளையாட்டு இரண்டாவது நோன்பிலேயே ஆரம்பித்துவிட்டது. வளவுப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் நிற்பார்கள். நான் காதில் செருகிய பென்சிலை எடுத்துக்கொண்டு டிக்கெட் பரிசோதிக்கிற மாதிரி ஒவ்வொரு நாக்காகப் பார்ப்பேன். “ஒனக்கு நாப்பது. நீ எங்கேயோ மாங்கா தின்னுருக்க. பாதி டிக்கெட்டு.” மச்சானும் வரிசையில் வந்து நிற்பார், பிள்ளைகளோடு பிள்ளையாகக் குனிந்து. “என்னையும் செக் பண்ணு கண்டக்டரு. நாளைக்கு ஸ்டாண்டுல நீதான் சாட்சி சொல்லணும்.” எட்டாவது, ஒன்பதாவது நோன்பு வாக்கில் அவருடைய நாக்கு மற்ற எல்லாருடையதையும்விட வெளுப்பாக இருந்தது. நாக்கு மட்டும் இல்லை. கன்னத்தின் உள்பக்கம், மேல் அண்ணம் எங்கும் தயிர் ஒட்டிக்கொண்ட மாதிரித் திட்டுத்திட்டாக இருந்தது. “இதுதாம்ல நாக்கு! நூத்துக்கு நூறு!” என்று நான் கத்தினேன். பிள்ளைகள் கைதட்டின. போன வருடம் பஸ்ஸே பார்த்துச் சிரித்த மனிதர் அன்று முகமெல்லாம் பல்லாக நிமிர்ந்து நின்றது இன்னமும் என் கண்ணுக்குள் இருக்கிறது.

உங்கள் அம்மா மட்டும் கைதட்டவில்லை. பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு கதவோரமாக நின்று பார்த்தவள், அப்புறம் என்னிடம் வந்தாள்.

“ஏங்க, அண்ணன் வாயில இருக்கிறது நோன்பு வெளுப்பு மாதிரி தெரியலை. நம்ம பிள்ளைக்கு வந்துச்சே அக்கரம், அதே மாதிரி இருக்கு.”

அக்கரம் என்றால் கைப்பிள்ளைகளின் வாயில் மாவு பூத்தாற்போல் வருமே, அது. பெரியவனுக்கு இரண்டு மாதத்துக்கு முன்னால் வந்து, பால் குடிக்க முடியாமல் அழுதான். பிரசவம் பார்த்த நர்ஸம்மா ஒரு சின்ன பாட்டிலில் ஊதா மருந்து கொடுத்தார்கள். பஞ்சில் தொட்டு வாயில் தடவியதில் நாலைந்து நாளில் போய்விட்டது. பாட்டிலில் பாதி மருந்து அப்படியே மாடத்தில் இருந்தது. “அந்த மருந்தைக் குடுத்துப் பாப்பமா?” என்று உங்கள் அம்மா கேட்டாள்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? வாசலுக்குப் போய், “மச்சான், ஒங்களுக்கு அக்கரம் வந்திருக்காம்! தொட்டி கட்டட்டுமா?” என்றேன்.

“கட்டு மாப்ள. ஆனா தாலாட்டு நீ பாடாத. நீ வாயத் தெறந்தா ஓடுற பஸ்ஸே நின்னுபோகும்” என்று அவரும் பதிலுக்குச் சொன்னார். எல்லோரும் சிரித்தோம். மருந்து மாடத்திலேயே இருந்தது. பெரிய ஆளுக்கு அக்கரம் வரும் என்று எனக்குத் தெரியாது. ஆனால் தெரியாதவன் தெரிந்தவர்களிடம் கேட்டிருக்க வேண்டும். நான் தினமும் இரண்டு தடவை திருச்சிப் பெரியாஸ்பத்திரி வாசலைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தவன்.

இனிமேல் எழுதப்போவதுதான் எனக்குக் கஷ்டமானது.

இருபத்தோராம் நோன்பு. அன்று எனக்கு மத்தியானத்தோடு டூட்டி முடிந்துவிட்டது. சாயங்கால அஸர் தொழுகைக்குப் பள்ளிவாசலுக்குப் போனேன். தொழுமுன் கைகால் கழுவி ஒளுச் செய்கிற தண்ணீர்த் தொட்டிக்கு அந்தப் பக்கம் மச்சான் தனியாகக் குந்தியிருந்தார். வேப்பங்குச்சியை இரண்டாகப் பிளந்து நாக்கை வழித்துக்கொண்டிருந்தார். நோன்பு வெளுப்பு என்றால் ஒரு இழுப்பில் வந்துவிடும். இது வரவில்லை. அவர் அழுத்தி வழித்தார். வெள்ளை பிய்ந்த இடத்தில் பச்சை இறைச்சி மாதிரிச் சிவப்பாக இருந்தது. அதிலிருந்து ரத்தம் கசிந்து குச்சியில் இறங்கியது. தோளில் கிடந்த துண்டால் வாயை ஒற்றிக்கொண்டார். திரும்பியபோது நான் நிற்பதைப் பார்த்துவிட்டார்.

“குச்சி கீறிருச்சு மாப்ள” என்றார்.

“மச்சான், இது குச்சி கீறுன மாதிரி இல்லையே.”

“இன்னும் ஒம்பது நோன்புதான். முடிஞ்சிறட்டும், நானே டாக்டர்ட்ட போறேன். ஒங்க அக்காட்ட மட்டும் சொல்லிறாத. அவ இன்னிக்கே வாயில கஞ்சிய ஊத்தி நோன்ப முடிச்சு வச்சிருவா.”

நான் சரி என்றேன்.

ஏன் சரி என்றேன் என்று பத்து வருடமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். அவர் மேல் பிரியம் இல்லாமல் இல்லை. அவர் முப்பதையும் முடித்துவிட்டால் போன வருடம் நான் படுதாவைக் காட்டிச் சொன்ன சொல் செத்துப்போகும், ஸ்டாண்டில் யாரும் அதை ஞாபகம் வைத்திருக்க மாட்டார்கள் என்று எனக்குள் ஒரு கணக்கு இருந்தது. எனக்கும் அந்த ஒன்பது நோன்பு வேண்டியிருந்தது. அதனால் வாயை மூடிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. பள்ளிவாசல் கஞ்சி காரமாக இருக்கிறது என்று மச்சான் சொல்ல ஆரம்பித்தார். அக்கா கஞ்சி காய்ச்சுகிறவரிடமே போய், “என்ன பாய், மொளகு மூட்டை அவுந்து விழுந்திருச்சா? மனுசன் வாய் எரியுதுங்கிறாரு” என்று சண்டை போட்டாள். அந்த மனிதர் பாவம், “ஊரே குடிக்குதும்மா, ஒங்க வீட்டுக்காரருக்கு மட்டுமா காரம்?” என்றார். அதைக் கேட்டாவது யாருக்காவது சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அக்கா வாய்ப்புண் என்று நினைத்துக்கொண்டு நார்த்தாமலையிலிருந்து மலைத்தேன் வரவழைத்து ராத்திரி படுக்கும்போது அவர் வாயில் தடவிவிட்டாள். சர்க்கரைக்காரர் வாயில் தேன். கஞ்சி போய், சர்பத் மட்டும் இறங்கியது. அப்புறம் சர்பத்தும், விழுங்கும்போது நெஞ்சுக்குள் முள் இறங்குகிற மாதிரி இருக்கிறது என்று நெஞ்சுக்கூட்டைத் தடவிக் காட்டினார்.

இருபத்தைந்தாம் நோன்பன்று காலைப் பத்து மணிக்குப் பஸ் கீரனூரில் நின்றது. ‘திருச்சேய்’ சத்தம் வரவில்லை. எட்டிப் பார்த்தேன். மச்சான் மரத்தடியில் நின்று கையை மட்டும் ஆட்டிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். வாய் அசைகிறது, சத்தம் இல்லை. “என்ன ஏஜெண்டு, இன்னிக்கு ஊமைப் படமா?” என்று டிரைவர் கேட்டார். மச்சான் சிரிக்கப் பார்த்தார். அப்படியே மரத்தில் சாய்ந்து, சறுக்கி, உட்கார்ந்துவிட்டார். தூக்கப் போனபோது உடம்பு கொதித்தது. மூச்சில் பழம் அழுகினாற்போல் ஒரு வாடை வந்தது.

அந்தப் பஸ்ஸிலேயே கடைசி நீளச் சீட்டில் படுக்கவைத்தோம். அக்கா சேதி கேட்டு ஓடிவந்து ஏறி அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். பிரயாணிகள் ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. மாத்தூரில் இறங்க வேண்டிய ஒருவர் இறங்காமல் ஆஸ்பத்திரி வரைக்கும் வந்து கைகொடுத்தார். நான் அன்று டிக்கெட் கிழிக்கவில்லை.

பெரியாஸ்பத்திரியில் வயது குறைந்த டாக்டர் ஒருவர் டார்ச் அடித்து மச்சான் வாயைப் பார்த்தார். பார்த்துவிட்டு, கொஞ்ச நேரம் டார்ச்சை அணைக்காமலே நின்றார்.

“இது எத்தனை நாளா இருக்கு?”

“நாலஞ்சு நாளா வாய்ப்புண்ணுங்க” என்றாள் அக்கா.

“வெள்ளையா இருக்கே, இதை எடுத்தா ரத்தம் வந்துச்சா?”

“இல்லீங்களே” என்றாள் அக்கா. அவளுக்குத் தெரிந்ததைச் சொன்னாள். நான் பக்கத்தில்தான் நின்றேன். தோல்பையின் வாரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரு வார்த்தை பேசவில்லை.

மறுநாள் நான் அந்த டாக்டரை வராந்தாவில் மறித்து, என்னதான் வியாதி என்று கேட்டேன். அவர் நின்று பொறுமையாகச் சொன்னார். ரொட்டியை உப்ப வைக்கிற ஈஸ்ட் இருக்கிறதல்லவா, அந்த ஜாதியில் ஒன்று, ஒருவகைப் பூஞ்சை. நல்ல உடம்புக்காரன் வாயிலும் குடலிலும்கூட அது கொஞ்சம் இருக்கத்தான் செய்கிறது. உடம்பில் எதிர்த்து நிற்கிற சக்தி இருக்கிறவரைக்கும் அது ஒன்றும் செய்வதில்லை. சர்க்கரை கட்டுக்கு அடங்காமல் போனால் அந்தச் சக்தி குறைகிறது. போதாததற்கு அந்தச் சர்க்கரையே பூஞ்சைக்குத் தீனியாகிறது. வாயில் இருக்கும்போதே வந்திருந்தால் ஊசி போட்டுச் சர்க்கரையை இறக்கி, மருந்து தடவிப் பார்த்திருக்கலாம். “இப்ப உணவுக்குழாய்க்கு எறங்கிருச்சு. காய்ச்சலைப் பார்த்தா ரத்தத்துலயே கலந்திருக்கும்னு பயப்படறேன். அங்கே போயிட்டா எங்ககிட்ட சரியான மருந்து இல்லைங்க” என்றார்.

எனக்குப் புரிந்தது பஸ் கணக்கில்தான். ஒழுங்காக ஓடுகிற பஸ்ஸில் சில்லறைத் தொந்தரவு செய்கிறவனும் ஒரு மூலையில் உட்கார்ந்து வருவான். கண்டக்டர் விழித்திருக்கிறவரைக்கும் வாலைச் சுருட்டிக்கொண்டு இருப்பான். கண்டக்டர் மயங்கி விழுந்துவிட்டால் அவனே ஸ்டியரிங்கைப் பிடித்துவிடுவான்.

அவர்கள் தடவியதும் அதே ஊதா மருந்துதான். எங்கள் மாடத்தில் பாதி இருந்த அதே மருந்து. ஊசியும் போட்டார்கள், பாட்டிலில் உப்புத் தண்ணீர் ஏற்றினார்கள். மூன்றாம் நாள் மச்சானுக்குக் கொஞ்சம் தெளிவு வந்தது. என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு, ஊதா நிறமாக இருந்த நாக்கை நீட்டினார். காற்று மாதிரிக் குரலில், “கலரு மாறிப்போச்சு. இப்ப எத்தனை மார்க்கு?” என்றார்.

நான் போர்வையை இழுத்து அவர் காலை மூடினேன்.

“பெயிலா மாப்ள?” என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். அதுதான் அவர் என்னிடம் கடைசியாகப் பேசியது. பெருநாளுக்கு முதல் நாள் பகலில் மௌத்தானார். கீரனூருக்குக் கொண்டுவந்து அடக்கினோம். அடுத்த வாரமே ஸ்டாண்டுக்கு வேறு ஏஜெண்ட் வந்துவிட்டார். அவர் கூவுவது எனக்குப் பஸ்ஸுக்குள்ளேயே சரியாகக் கேட்காது.

பிள்ளைகளே, நோன்பில் உங்கள் நாக்கு வெளுப்பதைப் பற்றிப் பயப்படாதீர்கள். வாய் காய்ந்தால் அப்படித்தான் இருக்கும். நோன்பு திறந்ததும் தண்ணீர் குடித்து வாய் கொப்பளித்தால் போய்விடும். போகாத வெள்ளையும், துடைத்தால் ரத்தம் கசிகிற வெள்ளையும், விழுங்கும்போது நெஞ்சில் வலிக்கிறதும் வேறு. சர்க்கரை இருக்கிறவர்களுக்கு, காசநோயிலோ நாள்பட்ட காய்ச்சலிலோ உருக்குலைந்தவர்களுக்கு, வீரியமான மாத்திரைகளை நீண்ட நாள் சாப்பிடுகிறவர்களுக்கு அப்படி வந்தால் அதை வாய்ப்புண் என்று விட்டுவிடக் கூடாது. தேன் தடவிக்கொண்டு உட்காரக் கூடாது. அன்றைக்கே டாக்டரிடம் நாக்கைக் காட்ட வேண்டும். இப்போது இதற்கென்றே மருந்து வந்திருப்பதாகக் கீரனூர் டாக்டர் சொல்கிறார். ஆனால் மருந்து மாடத்தில் இருந்து என்ன? ஒருவர் வாயைத் திறந்து சொன்னால்தானே அது வெளியே வரும்? வாயைத் திறந்து சொல்ல முடியாதபடி அவரைக் கேலி செய்து வைத்தவன் நான். அதனால்தான் உங்களிடம் கேட்டுக்கொள்கிறேன்: எனக்கு நோன்பு இல்லை என்று யார் சொன்னாலும், ஏன் என்று கேட்காதீர்கள். பந்தியில் தண்ணீர்ச் சொம்பை அவர் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு வாருங்கள்.

இன்னும் ஒன்று இருக்கிறது. மச்சான் இறந்து மூன்று வருடம் கழித்து அக்கா அவருடைய டிரங்குப் பெட்டியைத் திறந்து சாமான்களை வெயிலில் காயவைத்தாள். நான் வாசலில் உட்கார்ந்து சவரம் செய்துகொண்டிருந்தேன். ஒரு துண்டை விரித்து என்னிடம் கொண்டுவந்தாள். மூலையில் பழுப்பாக, காய்ந்துபோன கறை.

“தம்பி, இது என்ன கறைன்னு தெரியுதா? அப்பவே எத்தனை தடவை அலசியும் போகலை.”

நான் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே, “வெத்தலைக் கறையா இருக்கும்க்கா” என்றேன்.

மச்சான் வெற்றிலை போட மாட்டார். அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவள் கறையை விரலால் தேய்த்துப் பார்த்தாள். பிறகு, “இருக்கும், இருக்கும்” என்று சொல்லி, துண்டை நாலாக மடித்து உள்ளே வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு ஒரு நாளும் அவள் அதைப் பற்றிக் கேட்கவில்லை. இன்றைக்கும் பெருநாளன்று எனக்கு முதல் தட்டு அவள் கையால்தான் வருகிறது.

உங்கள் மாமிக்கு, என் அக்காவுக்குப் படிக்கத் தெரியாது. இந்தக் காகிதத்தைப் பெரியவன் எடுத்துக்கொண்டு போய் மாமிக்கு வாசித்துக் காட்ட வேண்டும். எல்லாவற்றையும் வாசிக்க முடியாவிட்டால் இதை மட்டுமாவது வாசி: அக்கா, அது வெற்றிலைக் கறை இல்லை. அது மச்சானின் ரத்தம். இருபத்தோராம் நோன்பிலேயே நான் அதைப் பார்த்தேன். டாக்டர் கேட்டபோது நீ இல்லை என்றாய். உண்டு என்று சொல்ல வேண்டியவன் பக்கத்திலேயே நின்றிருந்தேன்.